குசினியும் குச்சீனாவும்: இத்தாலிக்கு வருவோருக்கான சமையல் சொற்கள்

அக்காவின் மகள் இன்னும் சில வாரங்களில் இத்தாலிக்கு வருகிறாள். கிளிநொச்சியில் இருந்து, கணவனிடம். போன கிழமை ரெலிபோன் எடுத்தாள். "சின்னம்மா, யூடியூப்பில பார்த்து நூறு சொல்லுப் பாடமாக்கிட்டன். நாள், கிழமை, நிறம், மிருகங்கள் எல்லாம் தெரியும். இனி என்ன படிக்கவேணும்?" என்று கேட்டாள். ஒட்டகச்சிவிங்கிக்கு இத்தாலியனில் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கும் எனக்கு அந்தச் சொல் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

"மிருகங்களை விட்டுட்டு வெங்காயத்தில இருந்து தொடங்கு பிள்ளை" என்றேன். அவளுக்காக எழுதத் தொடங்கிய குறிப்புத்தான் இது. எழுத எழுத நீண்டுவிட்டது. அவளைப்போல வரவிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

நான் இருப்பது சிசிலித் தீவின் பலெர்மோ நகரில். எங்கள் சனம் இங்கே 80களில் இருந்தே இருக்கிறது. பலர் வீட்டுவேலை, வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை, உணவகக் குசினி வேலை என்றுதான் தொடங்குகிறார்கள். ஆகவே எங்களுக்கு இத்தாலியன் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதில்லை, அடுப்படியில்தான் தொடங்குகிறது.

2012 இல் வந்து இரண்டாம் கிழமையே எண்பது வயது தாண்டிய ஒரு அம்மாவின் வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அவரை நான் 'சிஞ்ஞோரா' என்றுதான் கூப்பிட்டேன், கடைசி வரை. முதல் நாள் அவர் என் கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். அறை, குளியலறை, பல்கனி என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. கடைசிக் கதவைத் திறந்து, "குவெஸ்தா ஏ லா குச்சீனா" என்றார்.

குசினி!

நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் இத்தாலியன் வசனம் அது. 2009 இற்குப் பிறகு செட்டிக்குளம் முகாமில் மூன்று கல்லு வைத்த அடுப்பும், மீள்குடியேறிய பின் தகரக் கொட்டிலின் ஒரு மூலையும்தான் எனக்குக் குசினியாக இருந்தன. அந்தச் சொல்லை ஒரு முழு அறைக்கு யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

எங்களிடம் ஏற்கனவே இருக்கும் சொற்கள்

குசினி என்ற சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் போர்த்துக்கீசர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 இல் ஒல்லாந்தரிடம் அதை இழக்கும்வரை அவர்கள் செய்த அழிவுகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அவர்கள் விட்டுப்போன சொற்கள் எங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. போர்த்துக்கீசமும் இத்தாலியனும் இலத்தீன் மொழியின் பிள்ளைகள். அதனால் எங்கள் அம்மம்மாமார் புழங்கிய சில சொற்கள் இங்கே கொஞ்சம் உருமாறிக் கேட்கும்.

பாண் இங்கே 'பானே'. விசுக்கோத்து 'பிஸ்கொத்தோ'. சலாது 'இன்சலாத்தா'. அலுமாரி 'அர்மாதியோ'. சப்பாத்துக்கு உறவான சொல் 'ச்சபாத்தா', ஆனால் அது செருப்பைக் குறிக்கும். செருப்பு மாதிரித் தட்டையாக இருக்கும் ஒரு பாணுக்கும் அதே பெயர்தான்.

உறவு என்று நம்பி ஏமாறவும் இடம் உண்டு. சிஞ்ஞோரா ஒருநாள் 'தொவால்யா' கேட்டார். எங்கள் துவாய்தான் என்று குளியலறைக்கு ஓடிப்போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கேட்டது மேசை விரிப்பு. குளித்துத் துடைக்கும் துவாய் இங்கே 'அஷ்ஷுகமானோ'. வினாகிரிக்கும் இங்கே ஆள் இல்லை, அது 'அச்சேத்தோ'. மேசை 'தாவொலா'.

எங்களுக்குச் சாதகமான இன்னொரு விடயம் ஓசை. ஆங்கிலேயருக்குக் கஷ்டமான 'ஞ' எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகளான 'ஞொக்கி'யை அவர்கள் என்னென்னவோ சொல்வார்கள், நாங்கள் முதல்தரமே சரியாகச் சொல்வோம். இத்தாலியர்களின் 'த' எங்கள் 'த'வேதான். நாட்டின் பெயரையே நாங்கள் இத்தாலி என்று சரியாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். ஆங்கிலம் படித்த பழக்கத்தில் அதை 'ட' ஆக்காமல் விட்டால் போதும். எழுத்து இரட்டிப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. 'படு' என்பதும் 'பட்டு' என்பதும் வேறு என்று தெரிந்த காதுக்கு இது இலகு. 'பென்னே' என்ற குழாய்ப் பாஸ்தாவை இரட்டிக்காமல் சொன்னால் அது கூடாத சொல்லாகிவிடும். அந்தப் பிழையை விடும் எங்கள் ஆட்களை நான் கண்டதில்லை.

சிசிலியின் சொந்தப் பேச்சில் ஒரு பரிசும் இருக்கிறது. வெங்காயம் இத்தாலியனில் 'சிப்பொல்லா'. பலெர்மோச் சந்தையில் கிழவர்கள் அதன் 'ல்ல'வை மாற்றி, நாக்கை மடித்து, எங்கள் 'வண்டு' என்ற சொல்லில் வரும் 'டு' மாதிரி அழுத்திச் சொல்வார்கள். வடக்கு இத்தாலியில் இருந்து வருபவர்களுக்கே வராத ஓசை அது.

ஒரே 'ப'

சறுக்குவது எங்கே என்றால், 'ப'வில்.

எங்கள் எழுத்தில் 'ப' ஒன்றுதான். 'பல்' என்னும்போது ஒரு ஓசை, 'அம்பு' என்னும்போது அதற்கு இன்னொரு ஓசை. எங்கே எது என்று நாக்கு தானாகவே மாற்றிக்கொள்கிறது. இத்தாலியனில் அவை இரண்டு வேறு எழுத்துகள். சொல்லின் முதலிலேயே அந்த 'அம்பு'வின் மெல்லிய ஓசை வரும்.

ஒரு மத்தியானம் சிஞ்ஞோராவின் கோப்பையில் பாஸ்தா போட்டுக்கொண்டிருந்தேன். அவர் "பாஸ்தா, பாஸ்தா" என்றார். இன்னும் ஒரு அகப்பை போட்டேன். இன்னும் சத்தமாக "பாஸ்தா!" என்றார். இன்னும் போட்டேன். அவர் சொன்னது மெல்லிய 'ப'. அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். மலைபோல் குவிந்த கோப்பையைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். அவர் எதற்குச் சிரித்தார் என்பது எனக்கு இரவுதான் விளங்கியது.

வெண்ணெய் 'பூர்ரோ', மெல்லிய 'ப'. லீக்ஸ் 'பொர்ரோ', அழுத்திய 'ப'. வெண்ணெய் கேட்டவருக்கு லீக்ஸ் கொடுத்தவர்கள் நான் மட்டுமில்லை. 'பேரே' என்று அழுத்தினால் பெயார்ஸ் பழங்கள், மெல்லச் சொன்னால் குடிப்பது. பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. உதட்டை மூடி 'ம்' என்று தொடங்குங்கள். 'ம்பூர்ரோ' என்று பத்துத்தரம் சொல்லுங்கள். பிறகு 'ம்' ஐ வெளியில் விடாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மிச்சமாக வருவதுதான் சரியான ஓசை. 'பந்து'வின் 'து', 'சங்கு'வின் 'கு' இரண்டுக்கும் இதே மாதிரி 'ந்', 'ங்' வைத்துப் பழகலாம்.

இந்த 'ப'வை நான் பகிடியாக எழுதினாலும் எனக்கு அது முழுக்கப் பகிடி இல்லை. என் அப்பா 83 ஜூலையில் கொழும்பில் வேலையில் இருந்தவர். வாளியைக் காட்டி அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 58 இலும் அப்படித்தான் கேட்டார்கள். 'பால்திய' என்று மெல்லிய 'ப'வில் சொல்ல வராவிட்டால் ஆள் தமிழர். அந்தச் சொல்லும் போர்த்துக்கீசர் கொண்டுவந்ததுதான். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும், அதனால் தப்பினார். எங்களுக்கு அவர் சின்ன வயதிலேயே அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழக்கினார். சிஞ்ஞோரா 'பூர்ரோ'வைத் திருத்தித் திருத்திச் சொல்லித்தந்தபோது, என் உதடு அந்தப் பழைய பாடத்தைத்தான் தேடிப்போனது.

இதை ஒருநாள் அவருக்குத் தெரிந்த அளவு இத்தாலியனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலுமாரியில் இருந்து ஒரு போத்தல் கொண்டைக்கடலையை எடுத்து வைத்தார். கடலை இத்தாலியனில் 'ச்சேச்சி', சிசிலியில் 'சீச்சிரி'. 1282 இல், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள், பலெர்மோவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அப்போது பிடிபட்டவர்களிடம் கடலையைக் காட்டிச் சொல்லச் சொன்னார்களாம். 'ச்ச' வராமல் 'சிசிரி' என்று சொன்னவன் பிரெஞ்சுக்காரன், அவனைக் கொன்றார்களாம். இது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சிஞ்ஞோரா அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடலையை ஊறப்போடச் சொன்னார். அடுத்த நாள் கடலை மாவில் செய்யும் 'பனெல்லே' பற்றிக் கதைத்தோம். எங்கள் கடலைமாப் பஜ்ஜிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம், உள்ளே மரக்கறி இராது, அவ்வளவுதான்.

சந்தையில்

பலெர்மோவில் 'பல்லரோ' சந்தைக்குப் போனால் பாதி இலங்கைச் சாமான் கிடைக்கும். ஆனாலும் பெயர் தெரியவேண்டும். உள்ளி 'ஆல்யோ'. எண்ணெய் 'ஓல்யோ'. இரண்டும் குழம்பும், கவனம். தக்காளி 'பொமொதோரோ', கத்தரிக்காய் 'மெலன்ட்சானா', உருளைக்கிழங்கு 'பத்தாத்தா', போஞ்சி 'ஃபஜொலீனி', கரட் 'கரோத்தா', தேங்காய் 'கொக்கோ', தேசிக்காய்க்குப் பதிலாக 'லிமோனே'.

ஒரே குடும்பம்போல் கேட்கும் சொற்களைச் சேர்த்தே பாடமாக்குங்கள். சீனி 'ட்சூக்கெரோ', பூசணி 'ட்சூக்கா', வெள்ளரிக்காய்போல் இருக்கும் பச்சைக்காய் 'ட்சுக்கீனா'. மிளகு 'பேப்பே', கறிமிளகாய் 'பெப்பெரோனே', உறைப்பு மிளகாய் 'பெப்பெரொன்ச்சீனோ'. பிற்சாவில் 'பெப்பெரோனி' கேட்டால் இறைச்சி வராது, கறிமிளகாய்தான் வரும். மீன் 'பேஷ்ஷே', பீச் பழங்கள் 'பேஸ்கே'. கடைப்பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கும்போது, 'சி' எழுத்துக்குப் பின் 'எச்' வந்தால் அது 'க' ஓசை. ஆங்கிலத்துக்கு நேர்மாறு. ஆங்கிலம் தெரிந்தவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

நிறுவைக்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும்: 'எத்தோ'. நூறு கிராம். இருநூறு கிராம் என்றால் 'தூயே எத்தி'. கடையில் கிராமில் கேட்டாலும் தருவார்கள், ஆனால் இங்கே எல்லோரும் எத்தோவில்தான் கதைப்பார்கள். அரைக் கிலோ 'மெட்சோ கீலோ'. நாங்கள் உள்ளியைப் பல்லுக் கணக்கில் எண்ணுவோம். இவர்கள் 'ஸ்பீக்கியோ' என்பார்கள், தோடம்பழச் சுளைக்கும் அதே சொல்தான்.

கோடைகாலத்தில் ஒரு நீண்ட வெளிர்பச்சைக் காயைக் கட்டிக் கட்டி வைத்திருப்பார்கள், ஆளுயரம்கூட இருக்கும். 'குக்கூட்சா' என்பார்கள். அது வேறு யாருமில்லை, எங்கள் சுரைக்காய். அதன் கொழுந்தையும் இலையையும் 'தெனெரூமி' என்று தனியாக விற்பார்கள். பாஸ்தாவை உடைத்துப் போட்டு அதோடு அவிப்பார்கள். கொழுந்தை வாங்கிப் பருப்போடு கடைந்து பாருங்கள். வன்னியில் பூசணிக் கொழுந்து ஆய்ந்து சமைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரக்குத்தூள் விடயத்தில் சில பெயர்கள் விசித்திரமானவை. வெந்தயம் 'ஃபியேனோ கிரேக்கோ', அதாவது கிரேக்க வைக்கோல். கராம்பு 'கியோதி தி கரோஃபனோ', அதில் 'கியோதி' என்றால் ஆணிகள். மல்லி 'கொரியாந்தொலோ'. அதையே பன்மையில் 'கொரியாந்தொலி' என்றால் திருவிழாவில் தூவும் வர்ணக் கடதாசித் துண்டுகளாகவும் எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் 'கூர்குமா', இஞ்சி 'ட்சென்ட்செரோ', நற்சீரகம் 'குமீனோ', பெருஞ்சீரகம் 'சேமி தி ஃபினொக்கியோ', கறுவா 'கன்னெல்லா', கடுகு 'சேனப்பே', புளி 'தமரீந்தோ'. பூங்கன்றுக் கடையில் 'பியான்தா தெல் கறி' என்று ஒரு செடி விற்பார்கள். வாசம் கறித்தூள்போல இருக்கும், ஆனால் அது கறிவேப்பிலை இல்லை, வேறொரு செடி. நான் காசு கொடுத்து ஏமாந்தேன். நீங்கள் ஏமாறவேண்டாம்.

பருப்புக்கு 'லென்தீக்கியே ரொஸ்ஸே' என்று கேளுங்கள், மைசூர்ப் பருப்பு அது. சோற்றரிசி 'ரீசோ'. அதே சொல்லுக்குச் சிரிப்பு என்றும் அர்த்தம் உண்டு. டிசம்பர் 13, சாந்தா லுச்சியா நாளில் பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் சாப்பிடமாட்டார்கள். சோற்றை உருண்டையாக்கிப் பொரித்த 'அரன்ச்சீனா'தான் நாள் முழுக்க. எங்களுக்கு வருடத்தில் ஒரு நாளாவது ஊர் வழக்கம் ஒத்துப்போகிறது.

கத்திக் கேட்கும் சொற்கள்

சிஞ்ஞோரா காலமான பின் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். அந்த வேலைக்கு 'லாவாபியாத்தி' என்று பெயர். அங்கே ஒருவரும் முழு வசனம் பேசமாட்டார்கள். எல்லாம் ஒற்றைச் சொல் ஏவல்.

'தால்யா' என்றால் வெட்டு. 'லாவா' கழுவு. 'மேஸ்கொலா' கலக்கு. 'ஜீரா' திருப்பு. 'ஸ்கோலா' வடி. 'அஸ்ஸாஜ்ஜா' ருசி பார். அடுப்பை மூட்ட 'அச்சேந்தி', அணைக்க 'ஸ்பேஞ்ஞி', நெருப்பைக் குறைக்க 'அப்பாஸ்ஸா'. பானை 'பேந்தொலா', தாச்சி 'பதெல்லா', மூடி 'கொப்பேர்கியோ', கத்தி 'கொல்தெல்லோ', அகப்பை 'மேஸ்தொலோ'. உள்ளியும் வெங்காயமும் எண்ணெயில் வதக்குவதை 'சொஃப்ரீத்தோ' என்பார்கள். கறிக்கு நாங்கள் வதக்கித் தாளிப்பதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் நின்றபோது இந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் முதல் தெரியவேண்டியவை வேறு. உங்கள் பின்னால் ஒருவர் கொதிபானையோடு வரும்போது 'தியேத்ரோ' என்று கத்துவார், 'பின்னால்' என்று அர்த்தம். திரும்பாதீர்கள், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு போகும்போதும் அப்படியே கத்தவேண்டும். கூச்சப்படக்கூடாது. 'ஸ்கோத்தா' என்றால் சுடும். பாஸ்தா குழைந்துவிட்டால் அதற்கும் 'ஸ்கோத்தா' என்பார்கள், அப்போது உங்களுக்குத் திட்டு விழும். மிக முக்கியமானது 'கால்தோ'. ஆங்கிலக் காதுக்கு அது குளிர் மாதிரி ஒலிக்கும். அது சூடு. குளிர் 'ஃப்ரெத்தோ'. குழாயில் சிவப்புப் பக்கம் 'கால்தா'. சேர்ந்த முதல் கிழமை இதில் பிழைவிட்டுக் கையைப் பொசுக்கிக்கொண்டேன். இடது மணிக்கட்டில் அடையாளம் இன்னும் இருக்கிறது.

சமையல் குறிப்பு வாசிக்கும்போது உப்புக்குப் பக்கத்தில் 'கூ', 'பி' என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். 'குவான்தோ பாஸ்தா' என்பதன் சுருக்கம், போதுமான அளவு என்று அர்த்தம். எங்கள் அம்மாமாரின் கைக்கணக்குத்தான். தேக்கரண்டி 'குக்கியாயீனோ', மேசைக்கரண்டி 'குக்கியாயோ', ஒரு கிள்ளு 'பீட்சிக்கோ'.

பிழைவிடக்கூடாத சொற்கள்

விரதகாரருக்கு முதலில். எங்கள் 'மச்சம்' என்ற சொல்லுக்கு இத்தாலியனில் சரியான ஒன்று இல்லை. 'சென்சா கார்னே', இறைச்சி இல்லாமல் என்று கேட்டால் மீன் வரும். சிலவேளை பன்றித் தொடைத் துண்டும் வரும், அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். 'வெஜெத்தரியானா' என்று சொல்லுங்கள் (ஆண் என்றால் 'வெஜெத்தரியானோ'). அதற்கு மேலும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாடு 'மான்ட்சோ', மான் என்று நினைத்துவிடாதீர்கள். கன்று 'வித்தெல்லோ'. பன்றி 'மயாலே'. ஆட்டுக்குட்டி 'அஞ்ஞெல்லோ'. கோழி 'பொல்லோ', ஒக்டோபஸ் 'பொல்போ'. முட்டை ஒன்று 'உவோவோ', பல 'உவோவா'. சூப்பிலும் சோற்றிலும் 'ப்ரோதோ' என்ற அவித்த சாறு இருக்கும், அது எதில் அவித்தது என்று கேட்கவேண்டும். பேக்கரியில் 'ஸ்த்ரூத்தோ' என்று எழுதியிருந்தால் பன்றிக் கொழுப்பு. அதை நான் மூன்று வருடம் தெரியாமல் வெள்ளிக்கிழமைகளிலும் சாப்பிட்டிருக்கிறேன்.

அடுத்தது ஒவ்வாமை. இதை நான் பெரிதாக எடுத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

சிஞ்ஞோராவின் பேரனுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் கறி அவனுக்குப் பிடிக்கும். ஒரு ஞாயிறு கோழிக்கறி வைத்து, குழம்பு தடிப்பாக வர கஜு அரைத்துவிட்டிருந்தேன். மேசையில் இருந்து, "ச்சே ஃப்ரூத்தா அ கூஷ்ஷோ?" என்று என்னிடம் கேட்டான். 'ஃப்ரூத்தா' எனக்குத் தெரியும், பழம். கறியில் என்ன பழம்? "நோ, நோ" என்று சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

இரண்டாவது கவளத்தில் உதடு வீங்கியது. பிறகு கண். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவனுடைய தாய் பையில் வைத்திருந்த ஊசியைத் தொடையில் ஏற்றினார். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். எனக்கு ஒருவரும் ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் மூச்சுக்குத் திணறுவதை நான் 2009 இல் பார்த்திருக்கிறேன். என் கையால் சமைத்த சாப்பாட்டில் அதை மறுபடி பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

'ஃப்ரூத்தா அ கூஷ்ஷோ' என்றால் கோதுள்ள பருப்பு வகைகள். கஜு 'அனக்கார்தி', பாதாம் 'மாந்தொர்லே', பிஸ்தா 'பிஸ்தாக்கி', வால்நட் 'நோச்சி'. கச்சானைத் தனியாகச் சொல்வார்கள், 'அராக்கிதி'. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் இலக்கச் சட்டம் பதினான்கு பொருட்களைக் குறிப்பிடுகிறது. பொதியில் அவை வேறுபடுத்தி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், அச்சிடப்பட்டிருக்கும். உணவகங்களும் கேட்பவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். மேலே சொன்ன இரண்டையும் விட மற்றவை: 'குலூத்தினே' (கோதுமை வகைகளில் உள்ளது), 'லாத்தே' பால், 'உவோவா' முட்டை, 'பேஷ்ஷே' மீன், 'க்ரொஸ்தாச்செய்' இறால் நண்டு வகை, 'மொல்லூஸ்கி' கணவாய் மட்டி வகை, 'சோயா', 'சேசமோ' எள்ளு, 'சேனப்பே' கடுகு, 'சேதனோ' செலரி, 'லுப்பீனி' என்ற ஒருவகைக் கடலை, 'சொல்ஃபீத்தி' என்ற பழுதாகாமல் காக்கும் உப்பு.

இதில் எங்கள் சமையலில் தினமும் வருவது கடுகும் எள்ளும். நாலு கடுகு தாளித்தாலும் 'சேனப்பே இருக்கிறது' என்று சொல்லவேண்டும். மாசிக் கருவாடு போட்ட சம்பலில் 'பேஷ்ஷே' இருக்கிறது. நல்லெண்ணெயில் 'சேசமோ' இருக்கிறது. கேட்பது விளங்காவிட்டால் இல்லை என்று தலையாட்டாதீர்கள். "நொன் லோ சோ", எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் வேலை போய்விடும் என்று பயந்துதான் நாங்கள் எல்லாவற்றுக்கும் 'சீ, சீ' என்று ஆமாம் போடுகிறோம். ஏதும் நடந்துவிட்டால் அழைக்கவேண்டிய இலக்கம் 112.

வகுப்பும் சோதனையும்

அடுப்படி இத்தாலியன் மட்டும் போதாது. நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஐந்து வருடம் சட்டப்படி இருந்திருக்கவேண்டும் என்பதோடு, 2010 இல் வந்த விதியின்படி 'ஆ தூயே' என்ற இரண்டாம் படி மொழி அறிவையும் காட்டவேண்டும். குடியுரிமைக்கு 2018 இன் இறுதியில் இருந்து அதற்கு மேல்படியான 'பி ஊனோ' கேட்கிறார்கள். வளர்ந்தோருக்கான அரச பள்ளிகள் நகரங்களில் இருக்கின்றன, 'ச்சீப்பியா' என்று கேட்டால் காட்டுவார்கள். வேலை நேரத்தைச் சாட்டிப் போகாமல் விட்டவர்கள் பிறகு வருந்துவதைப் பார்க்கிறேன். நானும் நாலு வருடம் பிந்தித்தான் போனேன். சந்தையில் கேட்ட விலையும் நிறுவையும் சோதனை மண்டபத்தில் எனக்குக் கைகொடுத்தன.

வீட்டில் நான் செய்தது மிகச் சாதாரணம். ஒவ்வொரு தகரப் பேணியிலும் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினேன். மெல்லிய ஓசை வரவேண்டிய எழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி. எடுக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். இன்னொன்று, வயதானவர்களோடு பேசும்போது 'தூ' என்று ஒருமையில் பேசாதீர்கள், 'லேய்' என்று மரியாதையாகப் பேசுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் தெரிந்த எங்களுக்கு அது கஷ்டமில்லை. சிஞ்ஞோரா என்னை 'தூ' என்றார், நான் அவரை 'லேய்' என்றேன். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

மருமகளுக்கு இந்தச் சொற்களை முப்பது முப்பதாகப் பிரித்து அனுப்பியிருக்கிறேன். முதல் முப்பதில் 'கால்தோ', 'தியேத்ரோ', 'ஃப்ரூத்தா அ கூஷ்ஷோ' மூன்றும் இருக்கின்றன. நேற்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சிப்பொல்லா வடிவாக வருகிறது. ஞொக்கியும் சரி. பூர்ரோவை இன்னும் அழுத்தித்தான் சொல்கிறாள். "'ம்' வைத்துச் சொல்லிப் பார் பிள்ளை" என்று பதில் போட்டிருக்கிறேன்.